சாராயக் குத்தகையிலிருந்து பிரசவ மனை வரை: சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் பணம் வந்த வழியும் போன வழியும்

கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் உத்தியோகபூர்வப் பெயர் டி சொய்சா சுற்றுவட்டம். அங்கே நிற்கும் சிலையும் லிப்டனுடையது அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் பெரும் பணக்காரரும் கொடையாளியுமான சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவுடையது. இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் 1870இல் இங்கிலாந்து இளவரசர் அல்பிரட்டுக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்த கதைதான் முதலில் வரும். விருந்து ஒரு நாளில் முடிந்துபோனது. அந்தத் தட்டை வாங்கிய பணம் எப்படிச் சேர்ந்தது, பிறகு அது எங்கே போனது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அதிலும் மலையகத் தமிழர் வரலாறு ஒரு பாதி கலந்திருப்பதால் தமிழில் எழுதுவது இன்னும் அவசியம்.

முதலில் ஆட்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஜெரோனிஸ் டி சொய்சா (1797–1862) தகப்பன். வியாபாரத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். சூசெவ் டி சொய்சா ஜெரோனிஸின் தம்பி. சார்ள்ஸ் ஹென்றி (3 மார்ச் 1836 – 29 செப்டெம்பர் 1890) ஜெரோனிஸின் மகன். 1863இல் இவர் மணந்த கத்தரின், ஜூசே டி சில்வா என்ற இன்னொரு பெரும் வியாபாரியின் ஒரே மகள். ஆக, இரண்டு பெரிய சொத்துகள் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. சார்ள்ஸ் ஹென்றியின் பிள்ளைகளும் கட்டடங்கள் கட்டினார்கள், தானம் கொடுத்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இல்லம் ஒரு காலத்தில் ரெஜினா வளவு என்ற மாளிகை. அதைக் கட்டியவர் மகன், தகப்பன் அல்ல. "டி சொய்சா கட்டினார்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், எந்த டி சொய்சா என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

ஊர் மொறட்டுவை. தச்சு வேலைக்கும் மீன்பிடிக்கும் பெயர் போன கரையோர ஊர். குடும்பம் கராவ என்ற சிங்களக் கரையோரச் சமூகம், கிறிஸ்தவர்கள், ஆங்கிலிக்கன் சபை. அந்தக் காலத்தில் முதலியார் பட்டங்களும் (இங்கே இது சாதிப் பெயர் அல்ல, அரசாங்கம் கொடுக்கும் பட்டம்) அரசாங்கப் பதவிகளும் பெரும்பாலும் கொவிகம என்ற வேளாண்மைச் சமூகத்து உயர்குடிகளின் கையில் இருந்தன. நிலமும் பட்டமும் பரம்பரையாகக் கிடைக்காத ஒரு சமூகத்துக்கு வியாபாரம் ஒன்றுதான் திறந்திருந்த கதவு.

ஜெரோனிஸின் காலத்தில் உள்நாட்டு ஆள் ஒருவர் பெரும் பணம் பார்க்கக் கூடிய வியாபாரம் சாராயக் குத்தகை. சிங்களத்தில் ரேந்த என்பார்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இருந்த முறையைப் பிரிட்டிஷார் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாவட்டத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஏலம் விடும். கூடிய விலை கேட்டவருக்கு ஒரு வருட உரிமை. குத்தகைப் பணத்தைத் தவணையாகக் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் காணியையோ வீட்டையோ ஈடு காட்ட வேண்டும், பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். காணி இல்லாதவன் ஏலத்துக்குள் நுழையவே முடியாது. ஒரு குத்தகையில் லாபம் கண்டவன் அந்தப் பணத்தில் காணி வாங்குவான், அந்தக் காணியைக் காட்டி அடுத்த வருடம் இன்னும் பெரிய மாவட்டத்துக்கு ஏலம் கேட்பான். ஒரே சமூகத்துக்குள், உறவுக்காரர் சில பேருக்குள் இந்த வியாபாரம் சுருங்கிப் போனதற்குக் காரணம் இதுதான். ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள், பங்கு போட்டார்கள், ஏலத்தில் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ளக் கூட்டும் சேர்ந்தார்கள்.

சரக்கு எங்கிருந்து வந்தது? பாணந்துறை, களுத்துறைப் பக்கத் தென்னந்தோப்புகளில் இருந்து. அந்தப் பக்கத்தில் கள் இறக்குகிறவர்கள் மரத்துக்கு மரம் இறங்கி ஏறுவதில்லை. உச்சிகளுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்து போவார்கள். இறக்கிய கள் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். காலம் தவறினால் காடியாகிவிடும், பிறகு வடித்தும் பயனில்லை. அதனால் வடிசாலை தோப்புக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வடித்த சாராயத்துக்கு அந்த அவசரம் இல்லை. மரப் பீப்பாயில் ஏற்றி மாட்டு வண்டியில் எவ்வளவு தூரமும் அனுப்பலாம். வண்டி செய்யும் தச்சரும் பீப்பாய் செய்யும் கைகளும் மொறட்டுவையிலேயே இருந்தார்கள். தென்னை கடற்கரையில், குடிக்கிற ஆட்கள் மலையில், இரண்டையும் இணைக்கிற வண்டி மொறட்டுவையில் என்று வைத்துப் பார்த்தால் இந்த ஊர்க்காரர் ஏன் முன்னுக்கு வந்தார்கள் என்பது விளங்கும்.

இதில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஏலத்தில் ரோசத்துக்கு விலையை ஏற்றிவிட்டு, வருடக் கடைசியில் தவணை கட்ட முடியாமல் ஈடு வைத்த காணியை இழந்தவர்கள் இருந்தார்கள். கள்ளத்தனமாக வடிப்பவன் விலையைக் கீழே இழுப்பான். கோப்பி விளைச்சல் குறைந்த வருடத்தில் தோட்டத்துக்கு ஆள் குறைவாக வரும், தவறணைகள் என்ற சாராயக் கடைகள் காற்று வாங்கும். குத்தகைக்காரர் எல்லாத் தவறணையையும் தானே நடத்துவதில்லை, ஒவ்வொன்றாக உள்குத்தகைக்கு விடுவார். கீழே இருப்பவன் பணத்தோடு மறைந்தாலும் கச்சேரிக்குப் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்தான்.

குடித்தது யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டிச் சீமைக் கிராமத்தவர்களும், பாதை வெட்டியவர்களும், வண்டிக்காரர்களும், கோப்பித் தோட்டத்துக்கு மதுரை, திருநெல்வேலி, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்களும். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, நடந்த வழியிலேயே பலர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்து, மிஞ்சியவர்கள் உழைத்து வாங்கிய கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் பக்கத்துத் தவறணையில் கரைந்தது. பின்னால் எழுந்த ஆஸ்பத்திரியின் கல்லில் அந்தக் காசும் இருக்கிறது. தானத்தை மெச்சும்போது இதை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

சாராயத்தில் வந்த பணத்தை ஜெரோனிஸ் கோப்பியில் போட்டார். 1830களில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் இராணுவத்தினரும் காணி வாங்கிக் கோப்பி வைக்கத் தொடங்கிய அதே நேரத்தில், ஹங்குரன்கெத்தவில் கண்டி அரசர்களுக்கு உரியதாயிருந்த தோட்ட நிலத்தை இவர் வாங்கினார். வெள்ளைக்காரரோடு ஒரே காலத்தில் பெருந்தோட்டக் கோப்பியில் இறங்கிய முதல் இலங்கையர்களில் ஒருவர். அங்கே பாதைகளும் தன் செலவில் போட்டார். கோப்பித் தோட்டத்துக்குப் பாதை என்பது தர்மத்துக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. வண்டி போகாத இடத்தில் கோப்பி பழுத்தும் பயனில்லை. தனக்குத் தேவையானதை ஊரும் நடக்கும்படி செய்தார் என்று சொல்வதுதான் சரி.

கோப்பி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அது எப்படி விழுந்தது என்பதும் விளங்கும். காட்டை வெட்டி எரித்து, ஆறடிக்கு ஆறடி குழி எடுத்தால் ஏக்கருக்கு 1,210 கன்று. மூன்றாம் வருடம்தான் முதல் விளைச்சல். அதுவரை செலவு மட்டுமே. மார்ச், ஏப்ரல் மழையில் பூக்கும், வருடக் கடைசியில் பழம் பறிப்பார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் இயந்திரத்தில் விட வேண்டும். பிறகு தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவிட்டு, கொட்டையைச் சுற்றிய வழுவழுப்பு கழன்றதும் கழுவ வேண்டும். நேரம் குறைந்தால் பசை ஒட்டிக்கொண்டு சீராகக் காயாது. கூடினால் கொட்டையே புளித்து நாறும். பிறகு களத்தில் உலர்த்த வேண்டும். மலையில் அந்த மாதங்கள்தான் மழையும் பனியும், இரண்டு நாள் வெயில் தவறினால் பூஞ்சணம். காய்ந்ததை உமியோடு வண்டியில் கொழும்புக்கு அனுப்பி, அங்கே உமி நீக்கி, தரம் பிரித்து, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள்.

கண்டியிலிருந்து கொழும்புக்கு 72 மைல். மாட்டு வண்டிக்கு நல்ல காலத்திலேயே பல நாள் பிடிக்கும், மழையில் வாரங்கள். மேலே போகும்போது சாராயமும் அரிசியும், கீழே வரும்போது கோப்பி. இரண்டு பக்கமும் சுமை இருந்தால் வண்டிக்கூலி பாதியாகும். சாராயக் குத்தகையும் கோப்பித் தோட்டமும் ஒரே கையில் இருந்தவருக்கு, வெறும் தோட்டத்துரைக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. 1867இல் ரயில் கண்டியைத் தொட்ட பிறகு இந்த வசதியின் மதிப்புக் குறைந்தது. அதற்குள் குடும்பம் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டது.

1862இல் ஜெரோனிஸ் காலமானபோது சார்ள்ஸ் ஹென்றிக்கு 26 வயது. முகத்துவாரத்தில் 1851இல் தொடங்கிய சென் தோமஸ் கல்லூரியில் படித்தவர். இவர் தகப்பன் விட்டுப்போன பணத்தைச் செலவழித்தவர் மட்டுமே என்று நினைப்பது தவறு. காப்பாற்றியது இவர்தான். காப்பாற்றிய முறையில் பாடமே இருக்கிறது.

1869இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் பொடி போன்ற பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டது. செடி உடனே சாகவில்லை என்பதால் யாரும் பயப்படவில்லை. இலை உதிரும், செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும். ஒவ்வொரு முறையும் பழத்துக்குப் போக வேண்டிய சத்து இலைக்குப் போகும். அதே வருடங்களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியதால், ஏக்கருக்கு விளைச்சல் குறைவதைத் துரைமார் கவனிக்காமல் புதுக் காடு வெட்டிக்கொண்டே போனார்கள். அதுவும் கடனில். ஏஜென்சிக் கம்பனியும் வங்கியும் வரப்போகும் விளைச்சலை நம்பி முன்பணம் கொடுத்தன. விளைச்சல் வராதபோது கடன் மட்டும் நின்றது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவை மூடியபோது ஊரே ஆடியது. அந்த வங்கியின் நோட்டுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டி வந்தது.

டி சொய்சா இதில் விழவில்லை. கோப்பி இவருடைய ஒரே பயிர் அல்ல. கரையோரத்தில் தென்னை, கறுவா, கொழும்பில் வீடும் மனையும் இருந்தன. தென்னையை 26 அடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 64 மரம். காய்க்க ஆறேழு வருடத்துக்கு மேல் ஆகும், ஆனால் காய்க்கத் தொடங்கினால் ஒரு தலைமுறைக்கும் அதிகமாகத் தரும். கோப்பியைப் போலக் கொள்ளை லாபம் இல்லை, ஒரே வருடத்தில் கவிழவும் செய்யாது. இலங்கை முதலாளிகள் தென்னையை விரும்பியதை "துணிவில்லாத முதலீடு" என்று குறை சொல்பவர்கள் உண்டு. 1880களைப் பார்த்தபின் அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, போன வழி. தகப்பனிடமிருந்தே தொடங்க வேண்டும். மொறட்டுவையில் 1860இல் அபிஷேகம் செய்யப்பட்ட பரிசுத்த இம்மானுவேல் தேவாலயம் ஜெரோனிஸ் கட்டியது. 1853இல் அவருக்கு முதலியார் பட்டம் கிடைத்தது. பதவி வகித்ததற்காகவோ குலத்துக்காகவோ அல்ல, பொதுப்பணிக்காகக் கிடைத்தது. அது அன்று புதிய விஷயம். கொடை வழியாக அந்தஸ்து பெறலாம் என்ற பாதை அங்கே திறந்தது. மகனுடைய கொடைகளிலும் அந்த நோக்கம் கலந்திருக்கிறது. வீட்டுக்கு இளவரசர் பெயர், பள்ளிக்கு இளவரசர் பெயர். இதில் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1870இல் வந்து கொள்ளுப்பிட்டி பகத்தலை வளவில் விருந்துண்டவர் அல்பிரட். அதனால் அந்த வீடு அல்பிரட் இல்லம் ஆயிற்று. அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், அல்பிரட் பிளேஸ், பகத்தலை வீதி எல்லாம் அந்த வளவு துண்டுபட்டபின் எஞ்சிய பெயர்கள். 1875 டிசம்பரில் வந்தவர் அல்பிரட்டின் அண்ணன், வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட். மொறட்டுவைக் கல்லூரிகள் இவர் பெயரில்.

அந்தக் கல்லூரிகள் 1876 செப்டெம்பர் 14இல் தொடங்கின. ஆண்களுக்கு வேல்ஸ் இளவரசர் கல்லூரி, பெண்களுக்கு வேல்ஸ் இளவரசி கல்லூரி. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஊரில். முதலில் பையன்களுக்கு, பிறகு வசதி இருந்தால் பெண்களுக்கு என்று தள்ளிப்போடவில்லை. இவருடைய கொடைகளில் எதைப் பெரிதாக நினைக்கிறாய் என்று கேட்டால், தங்கத் தட்டுகளைத் தாண்டி நான் இதையும் பிரசவ மனையையும்தான் சொல்வேன்.

கட்டடம் கட்டுவது ஒரு செலவு, நடத்துவது வேறு செலவு. பல கொடைகள் பாழாய்ப் போவது இரண்டாவது செலவில்தான். அன்று பள்ளிகளுக்கு 1869இல் உருவான பொதுக் கல்வித் திணைக்களத்தின் உதவி நன்கொடை முறை இருந்தது. மருத்துவத்தில், நிலமும் கட்டடமும் கொடுத்தால் வைத்தியரையும் மருந்தையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளிக்கு முதலியார் சாம்சன் ராஜபக்ச மூன்றரை ஏக்கர் நிலம் கொடுத்தார், சூசெவ் டி சொய்சா கட்டடம் கொடுத்தார். அந்தப் பள்ளிதான் இன்றைய கொழும்பு மருத்துவ பீடம். கொடையாளியின் பணம் தீர்ந்தாலும் நிறுவனம் ஓடும்படி அரசாங்கத்தை உள்ளே இழுத்துவிடுவது இந்தக் குடும்பத்தின் பழக்கம் என்றே சொல்லலாம்.

1879 டிசம்பரில் டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. அன்று பிள்ளைப்பேறு வீட்டில்தான். மருத்துவிச்சியின் அனுபவம் பெரியதுதான், ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் போனாலோ அவளால் அதிகம் செய்ய முடியாது. பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சல் இன்னொரு எமன். கழுவாத கையில் இருந்துதான் அது வருகிறது என்பதை ஐரோப்பிய வைத்தியர்களே அப்போதுதான் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் அறுவை வைத்தியர் லிஸ்டர், கிருமி கொல்லும் கார்போலிக் அமிலத்தைப் பற்றி எழுதியது 1867இல். அந்த அறிவு வந்து பன்னிரண்டு வருடத்தில் கொழும்பில் பெண்களுக்கென்று தனி மனை எழுந்தது. அதன் பலன் அங்கே படுத்த தாய்மாரோடு நிற்கவில்லை. மருத்துவிச்சிகளும் மருத்துவ மாணவர்களும் பழகும் இடமாக அது இருந்ததால், கற்றது ஊர்களுக்கும் போனது. இன்று பொறளைப் பக்கத்தில் கின்சி வீதியில் இருக்கும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலை அதுதான்.

எல்லாக் கொடையும் நிலைக்கவில்லை. நாரஹேன்பிட்டிப் பக்கத்தில் 1871இல் அல்பிரட் மாதிரிப் பண்ணை தொடங்கினார். புதுப் பயிர்களை முயன்று பார்த்து விவசாயிகளுக்குக் காட்டுவது நோக்கம். அது நீடிக்கவில்லை. நிலம் பிறகு கொல்ஃப் மைதானமாயிற்று, களனிப் பள்ளத்தாக்கு ரயில் அதன் நடுவே போகிறது. மாதிரிப் பண்ணை வீதி என்ற பெயர் மட்டும் மிச்சம். பண்ணைக்கு ஒவ்வொரு பருவமும் ஆளும் பணமும் வேண்டும், ஒரு தலைமுறை முழுக்க ஒருவர் கூட நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த அரசாங்கத் தோள் பண்ணைக்குக் கிடைக்கவில்லை.

1882இல் உருவான இலங்கை விவசாயச் சங்கத்திலும் இவர் முன்னின்றார். 1888இல் அதுவே இலங்கைத் தேசிய சங்கம் ஆயிற்று. அன்றைய பெரிய பிரச்சினை நெல் வரி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணமாகக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வயல் ஏலம். ஹங்குரன்கெத்தவை அடுத்த வலப்பனையில் வயல் இழந்து பட்டினியில் மாண்ட குடும்பங்கள் இருந்தன. வரி 1892இல் நீக்கப்பட்டது. அதைப் பார்க்க இவர் உயிரோடு இல்லை.

இந்தக் குடும்பத்தின் சொத்து, கொடைத் தொகைகளை வேறு இடங்களில் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் ரூபாய்க் கணக்கு வந்தது 1872இல். அப்போது ஒரு ரூபாய் இரண்டு ஷில்லிங், அதாவது ஒரு பவுணுக்குப் பத்து ரூபாய். அதற்கு முந்திய கணக்குகள் பவுணில் இருக்கும். வெள்ளி விலை விழ விழ ரூபாயின் மதிப்பும் விழுந்தது. 1860ஆம் ஆண்டின் பவுணைப் பத்தால் பெருக்கி 1890ஆம் ஆண்டின் ரூபாயோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

1890 செப்டெம்பரில், 54 வயதில், விசர்நாய்க்கடி நோயால் சார்ள்ஸ் ஹென்றி இறந்தார். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் இன்றும் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. கடித்த உடனே ஊசி போட்டால்தான் உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் அந்த ஊசியை முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885இல், பாரிஸில். 1890இல் கொழும்பில் அது இல்லை, இந்தியாவிலும் இல்லை. கசோலியில் பாஸ்டர் நிறுவனம் வந்தது 1900இல், குன்னூரில் 1907இல். நாட்டிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவருக்கு, காசு கொடுத்தும் வாங்க முடியாத மருந்தாக அது இருந்தது.

அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குள், நூற்றாண்டு திரும்பும் வேளையில், டி சொய்சா குடும்பத்தின் கொடையில் கொழும்பில் டி சொய்சா நுண்ணுயிரியல் நிறுவனம் எழுந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆகியிருக்கிறது. யாரையாவது கடித்த நாய் செத்துப்போய், அதற்கு விசர் இருந்ததா என்று பார்க்க வேண்டி வந்தால், அதன் தலையைப் பரிசோதனைக்கு அனுப்பும் முக்கிய இடம் அந்த நிறுவனம். தலை அழுகினால் பரிசோதனை பயன்படாது. கசியாத பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை காத்திராமல் கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஊசிக்குப் போக வேண்டும்.